நோபிள் தெருவின் இரண்டு கோயில்கள்: சிகாகோவில் போலிஷ் சங்கங்கள் பிறந்த விதம்

சிகாகோவின் வடமேற்குப் பகுதியில் நோபிள் தெரு என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தெருவில் சில நிமிட நடை தூரத்துக்குள் இரண்டு பெரிய கத்தோலிக்கக் கோயில்கள். ஒன்று புனித ஸ்தனிஸ்வாவ் கொஸ்த்கா கோயில், இன்னொன்று பரிசுத்த திரித்துவக் கோயில். இரண்டையும் கட்டியவர்கள் போலந்து மண்ணிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளிகள். மொழி ஒன்று, மதம் ஒன்று, செய்த வேலையும் ஏறக்குறைய ஒன்று. அப்படியிருந்தும் 1873 முதல் 1893 வரை இருபது வருடம் இந்த இரண்டு கோயில்களுக்கும் நடுவே சண்டை ஓயவில்லை.

வெளிநாட்டில் போலிஷ் அமைப்புகள் எப்படித் தோன்றின என்று கேட்டால் தாய்நாட்டுப் பற்றிலிருந்து என்பதுதான் வழக்கமாக வரும் பதில். அது பொய்யில்லை. ஆனால் அந்தப் பதிலில் நடந்தவற்றின் வரிசை மாறிவிடுகிறது. சிகாகோவில் முதலில் வந்தது அடக்கச் செலவுக்கான நிதி. அடுத்து வந்தது, கோயில் நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. தேசம் அதற்கு அப்புறம்தான் வந்தது. அந்த வரிசையைப் புரிந்துகொண்டால்தான், பின்னால் லட்சக்கணக்கான உறுப்பினர்களோடு வளர்ந்த அமைப்புகள் ஏன் அப்படி வளர்ந்தன என்பது பிடிபடும். அதனால்தான் இந்தத் தெருச் சண்டையை ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறேன்.

வரைபடத்தில் இல்லாத நாடு

1772, 1793, 1795 என்று மூன்று தவணையில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று பேரரசுகளும் போலந்தைப் பங்கு போட்டுக்கொண்டன. 1918 வரை போலந்து என்ற பெயரில் சுதந்திர நாடு கிடையாது. நடுவில் 1830லும் 1863லும் ரஷ்யாவுக்கு எதிராக நடந்த இரண்டு பெரிய கிளர்ச்சிகளும் தோற்றன.

தோற்றவர்கள் வெளியேறினார்கள். 1830 கிளர்ச்சிக்குப் பிறகு பாரிசுக்குப் போனவர்கள் பிரபுக்கள், படை அதிகாரிகள், கவிஞர்கள். அவர்கள் 1838லேயே அங்கே போலிஷ் நூலகம் வைத்துவிட்டார்கள். அது படித்தவர்களின் உலகம். அமெரிக்காவுக்குப் போன கூட்டம் வேறு. 1854ல் மேல் சிலேசியாவிலிருந்து சில விவசாயக் குடும்பங்கள் லியோபோல்ட் மொச்சிகெம்பா என்ற பாதிரியாரின் அழைப்பில் டெக்சாசுக்குப் போய் பன்னா மரியா என்ற ஊரை உண்டாக்கின. அந்த வருடக் கிறிஸ்துமஸ் முன்னிரவில் ஒரு ஓக் மரத்தடியில் முதல் பூசை நடந்தது. அதன் பிறகு வந்த அலை மிகப் பெரியது: 1870க்கும் 1914க்கும் இடையில் சுமார் 20 லட்சம் பேர். முதலில் பிரஷ்யாவின் பிடியில் இருந்த பகுதிகளிலிருந்து, 1870களில் பிஸ்மார்க் கத்தோலிக்கத் திருச்சபையையும் போலிஷ் மொழியையும் நெருக்கியபோது. பிறகு ஆஸ்திரியா வசமிருந்த கலீசியாவிலிருந்தும் ரஷ்யப் பகுதியிலிருந்தும்.

வந்தவர்களைத் துறைமுக அதிகாரி ஜெர்மானியர், ரஷ்யர், ஆஸ்திரியர் என்று எழுதிக்கொண்டார். அவர்களிலும் பலர் தங்களைப் போஸ்னான்காரர், சிலேசியர், கஷூபியர் என்று ஊரை வைத்துத்தான் சொல்லிக்கொண்டார்கள். ஆக, தேசப்பற்றைக் கையோடு கொண்டுவந்து சங்கம் வைத்தார்கள் என்று சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவர்களில் பெரும்பாலானவர்களுக்குத் தேசம் என்ற உணர்வே வந்த இடத்தில்தான் உருவானது.

அடக்கச் செலவும் கறுப்பு ரிப்பனும்

சிகாகோவின் முதல் போலிஷ் சங்கம் 1864ல் தோன்றியது. 1851லேயே அங்கே குடியேறிவிட்ட அந்தோனி ஷெர்மான் அதில் முன்னின்றவர். இளம் வயதில் இறந்த யேசு சபைத் துறவி ஸ்தனிஸ்வாவ் கொஸ்த்காவின் பெயரைச் சங்கத்துக்கு வைத்தார்கள். அப்போது கோயிலும் கிடையாது, போலிஷ் பாதிரியாரும் கிடையாது. சங்கம்தான் முன்னால் வந்தது. அது ஆளைத் திரட்டி, பணத்தைத் திரட்டி, அப்புறம் 1867ல் அதே பெயரில் பங்கு, அதாவது ஒரு கோயிலைச் சேர்ந்த மக்களின் திருச்சபை அமைப்பு, உருவானது. பாதிரியார் வந்து மக்களைத் திரட்டினார் என்றுதான் நாம் இயல்பாக நினைப்போம். நடந்தது நேர்மாறு.

அந்தக் காலத்து போலிஷ் சங்கம் வேலை செய்த விதத்தைக் கிட்டத்தில் போய்ப் பார்க்க வேண்டும். உறுப்பினர் மாதம் ஒரு சிறு தொகை சந்தா கட்டுவார். நோயில் படுத்தால் வாரத்துக்கு இவ்வளவு என்று உதவி உண்டு. உண்மையில் நோய்தானா என்று பார்த்து வர இரண்டு உறுப்பினர்கள் வீட்டுக்கு வருவார்கள். இறந்துவிட்டால் அடக்கச் செலவும், மனைவிக்குக் கையில் ஒரு தொகையும். சவ ஊர்வலத்துக்கு எல்லோரும் வர வேண்டும், வராதவருக்கு அபராதம். ஒவ்வொருவருக்கும் மார்பில் குத்திக்கொள்ள ஒரு ரிப்பன் பட்டை கொடுப்பார்கள். ஒரு பக்கம் சிவப்பு வெள்ளையில் சங்கத்தின் பெயரும் புனிதரின் படமும். திருப்பினால் மறுபக்கம் கறுப்புத் துணியில் வெள்ளி எழுத்து. திருவிழாவுக்கு ஒரு பக்கம், சாவுக்கு மறுபக்கம். இந்த ரிப்பன்கள் அமெரிக்க அருங்காட்சியகங்களில் இன்றும் இருக்கின்றன. அந்தச் சங்கங்கள் எதற்காக இருந்தன என்பதை எந்தக் கொள்கை அறிக்கையையும் விட இந்தத் துணிப்பட்டை தெளிவாகச் சொல்கிறது.

ஏன் இந்த ஏற்பாடு தேவைப்பட்டது? தோல் பதனிடும் ஆலை, இரும்பு ஆலை, மாட்டிறைச்சிக் கொட்டடி என்று இவர்கள் வேலை பார்த்த இடங்களில் கை போவதும் உயிர் போவதும் சாதாரணம். இலினாய் மாநிலத்தில் தொழிலாளர் விபத்து நட்டஈட்டுச் சட்டம் வந்ததே 1911ல்தான். வணிகக் காப்பீட்டு நிறுவனங்கள் இவர்களைப் பெரும்பாலும் சேர்த்துக்கொள்ளவில்லை, சேர்த்தாலும் கட்டுப்படியாகாத விலை. சொந்தக்காரர்கள் கடலுக்கு அந்தப் பக்கம். அநாதைப் பிணமாக நகராட்சிக் குழியில் போய்விடுவோமோ என்ற பயம் உண்மையான பயம். கிராமத்தில் உறவும் அண்டை அயலும் செய்ததை இங்கே காசு கொடுத்து, கணக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுச் செய்ய வேண்டியிருந்தது.

அதற்கு ஒரு செயலாளர் வேண்டும், பொருளாளர் வேண்டும், தணிக்கை செய்ய இரண்டு பேர் வேண்டும், வருடா வருடம் தேர்தல் வேண்டும். ஊரில் விவசாயக் கூலிகளாக இருந்தவர்கள் இதையெல்லாம் அமெரிக்க நகரத்தின் ஒரு கோயில் நிலவறையில் கற்றுக்கொண்டார்கள். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் மதிப்புக்குரியதாகப் படுவது இந்தப் பகுதிதான். தலைவர்களைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு இந்தப் பொருளாளர்களைப் பற்றி எழுதப்படவில்லை என்பது எனக்கு வருத்தம்.

பத்திரம் யார் பெயரில்?

1866ல் சிகாகோவில் இன்னொரு சங்கமும் உருவானது. க்மினா போல்ஸ்கா என்று பெயர். 1863 கிளர்ச்சியில் பங்கெடுத்துத் தப்பி வந்தவர்களும் அவர்கள் கருத்தை ஏற்றவர்களும் இதில் இருந்தார்கள். போலந்தின் விடுதலைதான் இவர்களுக்கு முதல் விஷயம். 1873ல் கஸெட்டா போல்ஸ்கா பத்திரிகையைத் தொடங்கிய அச்சகக்காரர் விவாதிஸ்வாவ் தினியெவிச் இந்தப் பக்கத்தின் குரல்.

எதிர்ப்பக்கத்தில் உயிர்த்த ஆண்டவர் சபைத் துறவிகள். இவர்களும் பாரிசில் அகதிகளாக இருந்த போலந்துக்காரர்களிடையே 1830களில் உருவானவர்கள்தான். 1871ல் சிகாகோ ஆயர் (பிஷப்) தாமஸ் ஃபோலி இந்தத் துறவிகளோடு ஒரு ஒப்பந்தம் போட்டு, தன் ஆளுகைப் பகுதியான மறைமாவட்டத்தின் போலிஷ் பங்குகளை நீண்ட காலத்துக்கு அவர்கள் பொறுப்பில் விட்டார். 1874ல் அந்தச் சபையைச் சேர்ந்த வின்சென்டி பார்சின்ஸ்கி, ஸ்தனிஸ்வாவ் கோயிலுக்குப் பங்குத்தந்தையாக வந்தார். அவரும் 1863 கிளர்ச்சிக்கு உதவி செய்துவிட்டு ஊரை விட்டு ஓடி வந்தவர். இதை மறக்கக் கூடாது. இரண்டு தரப்பின் முன்னணியிலும் ஒரே கிளர்ச்சியின் ஆட்கள் இருந்தார்கள். ஒரு பக்கம் தேசப்பற்று, மறுபக்கம் அதற்கு விரோதம் என்று பிரிப்பது நியாயமில்லை.

சண்டை தொடங்கியது இடநெருக்கடியில். ஸ்தனிஸ்வாவ் கோயிலில் கூட்டம் தாங்கவில்லை. புனித யோசேப்பு பெயரில் இருந்த ஒரு சங்கம் அதே தெருவில் நிலம் வாங்கி, காசு திரட்டி, 1873ல் திரித்துவக் கோயிலை எழுப்பியது. கட்டியவர்கள் சொன்னார்கள்: பணம் நாங்கள் போட்டது, பத்திரம் எங்கள் சங்கத்தின் பெயரில்தான் இருக்கும், எங்களுக்குப் பிடித்த பாதிரியாரை நாங்கள் கேட்போம். ஆயர் சொன்னார்: மறைமாவட்டத்தின் கோயில் சொத்து எல்லாம் ஆயர் பதவியின் பெயரில்தான் பதிவாக வேண்டும், பத்திரத்தை மாற்றித் தராவிட்டால் அங்கே பூசை கிடையாது. பார்சின்ஸ்கியைப் பொறுத்தவரை அது தன் பங்கின் கிளைக் கோயில், அவ்வளவுதான்.

கட்டியவர்களின் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு பழைய வழக்கம் இருந்தது. போலந்துக் கிராமத்தில் கோயிலுக்கு நிலமும் பணமும் கொடுத்தவர் அந்த ஊர்ப் பிரபு. பாதிரியாரை முன்மொழியும் உரிமையும் அவருக்கு இருந்தது. அமெரிக்காவில் பிரபு இல்லை, கோயிலுக்குக் கொடுத்தவர்கள் கூலிக்காரர்கள். அப்படியானால் அந்த உரிமை இப்போது யாருக்கு? எங்களுக்குத்தான் என்று அவர்கள் நினைத்ததில் என்ன தப்பு? நேற்று வரை பிரபுவின் முன்னால் தொப்பியைக் கழற்றி நின்றவர்கள் கேட்ட கேள்வி அது. ஆயரின் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது. பாதிரியார் அல்லாத சாதாரண மக்கள் அறங்காவலர்களாக இருந்த பல கோயில்களில் கடனும் வழக்குமாகச் சிதறிப்போனதை அமெரிக்கத் திருச்சபை ஏற்கெனவே பார்த்திருந்தது.

திரித்துவக் கோயில் பூட்டப்பட்டது. 1870களின் கடைசியில் தனிப் பாதிரியார் கிடைத்துச் சில வருடம் திறந்திருந்தது. அவர் இறந்ததும் மறுபடி பூட்டு. இடையிடையே திறப்பதும் மூடுவதுமாகவே காலம் போனது. பூட்டிய கோயிலைச் சுற்றி வசித்த குடும்பங்கள் ஞானஸ்நானத்துக்கும் திருமணத்துக்கும் எங்கே போவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். தினமும் பிரார்த்தனை செய்யும் மனிதர்கள், தாங்கள் செங்கல் சுமந்து கட்டிய கோயிலுக்கு வெளியே நின்றார்கள். இந்தச் சண்டையால் விளைந்த நன்மைகளைப் பின்னால் சொல்லப் போகிறேன். அதற்காக இந்த விலையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தெருச் சண்டை நாடு முழுக்கப் பரவியது

1873ல் டெட்ராய்ட் நகரில் தியோடர் கியெரிக் என்ற பாதிரியாரின் முயற்சியில் போலிஷ் ரோமன் கத்தோலிக்க யூனியன் தொடங்கியது. டெக்சாஸ் மொச்சிகெம்பாவும் பார்சின்ஸ்கியின் தம்பி யானும் அதில் இருந்தார்கள். விரைவில் அதன் மையம் சிகாகோவுக்கு, பார்சின்ஸ்கியின் கோயிலுக்கு வந்தது. மதத்தை விட்டால் மொழி போகும், மொழி போனால் மனிதர்களும் போய்விடுவார்கள் என்பது யூனியனின் நிலை. அவர்களுக்குப் பங்கும் பங்குப் பள்ளியும்தான் எல்லாம்.

அடுத்த திருப்பம் சுவிட்சர்லாந்தின் ராப்பர்ஸ்வில் ஊரிலிருந்து வந்தது. 1863 கிளர்ச்சியின் ரகசிய தேசிய அரசில் உறுப்பினராக இருந்த அகாத்தோன் கில்லர் அங்கே அகதியாக இருந்தார். அமெரிக்காவிலிருந்து கேட்டவர்களுக்குப் பதிலாக, அங்குள்ள போலந்துக்காரர்களை எப்படி அமைப்பாக்குவது என்று 1879ல் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அது ல்வூவ் (இன்றைய உக்ரைனின் லிவிவ்) நகரப் பத்திரிகையில் வெளியானது. ஊரில் இருந்தவரை எந்த அரசியலும் தெரியாத விவசாயி, அந்நிய மொழிகளுக்கு நடுவே போய் விழுந்ததும் தான் யார் என்பதை உணர்கிறான், அந்த உணர்வை அமைப்பாக்கினால் அது ஒருநாள் போலந்துக்கே பலமாகும் என்பது அவருடைய வாதம். சைபீரியாவில் கைதியாகக் கழித்த வருடங்கள் அவருக்கு உண்டு. வெளியே இருப்பவன் மனம் எப்படி வேலை செய்யும் என்பது அவருக்கு அனுபவத்தில் தெரிந்த விஷயம்.

1880 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் யூலியுஷ் அன்ட்ஜெய்கோவிச் என்ற வணிகரைச் சுற்றி ஒரு சிறு குழு கூடி போலிஷ் நேஷனல் அலையன்ஸ் அமைப்பைத் தொடங்கியது. செப்டம்பரில் சிகாகோவில் முதல் மாநாடு. மாநாட்டுக்கு அவர்கள் வைத்த பெயர் 'செய்ம்', அதாவது பழைய போலந்து நாடாளுமன்றத்தின் பெயர். தலைவருக்கு மேலே சென்சார் என்று ஒரு பதவி. நிர்வாகத்தைக் கண்காணிப்பது அவர் பொறுப்பு. நாடு இல்லாதவர்கள் தங்கள் சங்க விதிகளுக்குள் ஒரு நாட்டின் அமைப்பையே எழுதி வைத்துக்கொண்டார்கள். 1881ல் ஸ்கோதா என்ற வாரப் பத்திரிகையும் வந்தது.

அலையன்சில் மதப் பரிசோதனை கிடையாது, போலந்து மண்ணிலிருந்து வந்த யாரும் சேரலாம். யூனியன் தரப்புக்கு இதுதான் பெரிய உறுத்தல். பிரசங்க மேடையிலிருந்து கண்டனம், பத்திரிகையில் பதில், பதிலுக்குப் பதில். நோபிள் தெருவின் வழக்கு இப்படி நாடு முழுக்க இருந்த போலிஷ் குடியிருப்புகளின் வழக்காகிவிட்டது. ஸ்தனிஸ்வாவ் கோயில் யூனியனின் கோட்டை, திரித்துவக் கோயில் அலையன்சின் கோட்டை.

சரி, கொள்கைக்காக எத்தனை தொழிலாளி மாதச் சந்தா கட்டுவார்? அலையன்ஸ் தொடங்கிய வருடங்களில் மிகச் சிறிய அமைப்பாகத்தான் இருந்தது. 1880களின் நடுவில் இறப்புக் காப்பீட்டைக் கொண்டுவந்த பிறகுதான் வளர்ந்தது. யூனியனும் அதே வழியில் போனது. பழைய அடக்க நிதிதான், ஆனால் தெரு அளவில் இருந்து நாடு அளவுக்குப் போனது. ஒரே ஆலையில் விபத்து நடந்து ஒரு தெருச் சங்கத்தின் பத்துப் பேர் செத்தால் அந்தச் சங்கம் திவால். நூற்றுக்கணக்கான சங்கங்கள் சேர்ந்த கூட்டமைப்பு அதைத் தாங்கும். அதனால் தெருச் சங்கங்கள் தங்கள் புனிதர், கொடி, ரிப்பன் எதையும் விடாமல் அப்படியே கூட்டமைப்பின் எண்ணிட்ட கிளைகளாகச் சேர்ந்துகொண்டன.

இந்த முறையிலும் ஒரு கோளாறு இருந்தது. ஒவ்வொரு சாவுக்கும் உயிரோடு இருப்பவர்களிடம் வசூலிப்பது என்பது உறுப்பினர்கள் இளைஞர்களாக இருக்கும்வரைதான் சுலபம். வயது ஏற ஏற வசூல் கூடும், இளைஞர்கள் சேரத் தயங்குவார்கள். 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வயதுக்கு ஏற்ற கட்டணம், கையிருப்பு நிதி என்று முறையான காப்பீட்டுக்கு மாறிய அமைப்புகள்தான் நிலைத்தன.

போட்டி இருந்ததால் விடுபட்டவர்கள் தங்களுக்கென்று அமைப்பு வைப்பதும் எளிதானது. உடற்பயிற்சி சங்கமான ஃபால்கன்ஸ் 1887ல் சிகாகோவில் தோன்றியது. பெண்களுக்குச் சொந்தமாகக் காப்பீடு எடுக்கும் முழு உறுப்பினர் உரிமை இல்லாதபோது, ஸ்தெஃபானியா ஹ்மியெலின்ஸ்கா என்ற தையல்காரர் முன்னின்று 1898ல் போலிஷ் பெண்கள் அலையன்சைத் தொடங்கினார். பின்னாலேயே 1900ல் நேஷனல் அலையன்ஸ் பெண்களுக்குச் சம உரிமை கொடுத்தது. இரண்டும் அடுத்தடுத்து நடந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1893க்குப் பிறகு

திருத்தந்தையின் (போப்பின்) தூதர் பேராயர் ஃபிரான்செஸ்கோ சத்தோல்லி 1893ல் சிகாகோ வந்தபோது திரித்துவக் கோயிலைத் திறந்துவைத்தார். ஏற்பாடு நடுவழியாக இருந்தது. கோயில் தனிப் பங்காகும், ஆனால் உயிர்த்த ஆண்டவர் சபையிடம் போகாது. திருச்சிலுவை சபையைச் சேர்ந்த கஸிமிர் ஷ்டுச்கோ என்ற இளம் பாதிரியார் பொறுப்பேற்று, அடுத்த அரை நூற்றாண்டுக்கும் மேல் அங்கேயே இருந்தார். கோயிலைக் கட்டியவர்களுக்குத் தனிக் கோயில் கிடைத்தது, ஆயருக்குத் தன் அதிகாரம் நிலைத்தது. இப்படி ஒரு வழி 1870களிலேயே திறந்திருந்தால் எவ்வளவு காயம் மிச்சமாகியிருக்கும்! பென்சில்வேனியாவின் ஸ்க்ரான்டனில் அதே சொத்துத் தகராறு வந்தபோது அந்த வழி திறக்கவில்லை. அங்கே 1897ல் ஃப்ரான்சிஷெக் ஹோதுர் தலைமையில் ரோமோடு உறவை முறித்துக்கொண்டு போலிஷ் தேசிய கத்தோலிக்கத் திருச்சபை என்று தனியே போய்விட்டார்கள்.

பார்சின்ஸ்கி 1899ல் இறந்தபோது அவருடைய பங்கில் சுமார் 40,000 பேர் இருந்தார்கள். அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பங்குகளில் அது ஒன்று. அலையன்ஸ் உறுப்பினர் எண்ணிக்கை முதல் உலகப்போர் சமயத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. பத்திரிகை, பள்ளி, நூலகம், நினைவுச்சின்னம் என்று எல்லாவற்றிலும் ஒரு தரப்பு செய்ததை மறுதரப்பும் செய்தது. யூனியன் பின்னாளில் போலிஷ் அருங்காட்சியகம் வைத்தது. அலையன்ஸ் 1912ல் பென்சில்வேனியாவில் கல்லூரி திறந்தது. ஒரே அமைப்பாக இருந்திருந்தால் இதில் பாதியாவது நடந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இரண்டும் சேர்ந்து நிற்க முடியும் என்பதும் போரில் தெரிந்தது. 1914ல் போலந்து மூன்று பேரரசுகளின் போர்க்களமானபோது யூனியனும் அலையன்சும் ஒரே நிவாரணக் குழுவில் உட்கார்ந்தன. பிரான்சில் உருவான போலிஷ் படைக்கு அமெரிக்காவிலிருந்து 20,000 பேருக்கு மேல் தொண்டர்களாகப் போனார்கள். பயிற்சி கனடாவின் நயாகரா-ஆன்-த-லேக் முகாமில். ஆள் திரட்டியதில் ஃபால்கன்ஸ் அமைப்புக்குப் பெரும் பங்கு உண்டு. கில்லர் 1879ல் எழுதியது இவ்வளவு நேரடியாகப் பலிக்கும் என்று அவர் எதிர்பார்த்திருப்பாரா தெரியாது, அவர் 1887லேயே இறந்துவிட்டார்.

1918ல் போலந்து திரும்பி வந்தது. அதோடு அமைப்புகளின் கணக்கும் மாறியது. 1920களில் பணத்தையும் உழைப்பையும் இனி அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கே செலவிடுவோம் என்ற குரல் ஓங்கியது. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், காப்பீடு டாலரில், வீட்டுக்கடன் சிகாகோ வங்கியில். 1934ல் வெளிநாட்டுப் போலந்துக்காரர்களின் உலக ஒன்றியம் அமைக்க வார்சாவில் மாநாடு கூட்டினார்கள். அப்போது அலையன்சின் சென்சாராக இருந்த ஃபிரான்சிஸ் ஸ்வியெட்லிக் தலைமையில் போன அமெரிக்கக் குழு அதில் உறுப்பினராகச் சேர மறுத்துவிட்டது. நாங்கள் போலிஷ் வம்சாவளியைச் சேர்ந்த அமெரிக்கர்கள், பண்பாட்டு உறவு இருக்கும், வார்சாவின் வழிநடத்தல் வேண்டாம் என்பது அவர்கள் நிலை. வார்சாவில் பலருக்கு அது கசந்தது. ஐந்து வருடம் கழித்து ஜெர்மானியப் படை போலந்துக்குள் புகுந்தபோது, அமெரிக்காவில் நிவாரணம் திரட்டி அனுப்பிய போலிஷ் அமெரிக்க கவுன்சிலுக்குத் தலைமை தாங்கியவரும் அதே ஸ்வியெட்லிக்தான்.